வாய் விற்காது, வருகை விற்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தஞ்சோங் ரம்புத்தான் கடைத்தெருவில் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டுப் பெண் தன் அம்மாவோடு வந்து என் மேசையிலேயே உட்கார்ந்தாள். சந்தைப்படுத்துதலில் டிப்ளோமா முடித்து நான்கு மாதமாகிறது. ஈப்போவில் உணவுப்பொருள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“இவ வாயே தொறக்க மாட்டாளே அண்ணே! வீட்டுக்கு ஆள் வந்தா ரூமுக்குள்ள போயிடுவா. இவ எப்படி நாலு கடை ஏறி இறங்கிச் சாமான் விப்பா?” என்றார் அம்மா.

அந்தப் பெண் ரொட்டி சானாயைக் கிள்ளிக்கொண்டே, “எனக்கும் அதான் பயம் மாமா. கூடப் படிச்சவங்க எல்லாம் நல்லாப் பேசுவாங்க. எனக்குப் பேச வராது” என்றாள்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காப்புறுதி முகவராக இருந்தவன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு பல வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பேசத் தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்?

1981-இல் நான் இந்தத் தொழிலில் சேர்ந்தபோது எங்களோடு பதினொரு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அதில் மூன்று பேர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மேடையில் ஏற்றினால் கைதட்டல்தான். அந்த மூவரும் ஒன்றரை ஆண்டுக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசிவரை நின்று, எங்கள் எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தவர் சித்தியவானிலிருந்து வந்த ஒருவர். அதிகம் பேசமாட்டார். சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டுப்புத்தகம் வைத்திருப்பார். ஒரு வீட்டைவிட்டு வெளியே வந்ததும், மோட்டார் சைக்கிளை முடுக்குவதற்கு முன் அதில் ஏதோ எழுதுவார்.

ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். “மகளுக்குப் பரீட்சை, அக்டோபர்.” “மாமியாருக்கு இடுப்பு வலி.” “பால் விலை இறங்கியிருக்கிறது, இந்த மாதம் கேட்க வேண்டாம்.” இவ்வளவுதான். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது முதல் கேள்வி பரீட்சையைப் பற்றித்தான் இருக்கும். காப்புறுதிப் பேச்சு பிறகு வரும், அல்லது வராமலே போகும்.

வாங்குகிறவர் பேசும்போது விற்கிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நான் அந்த நோட்டுப்புத்தகத்தில்தான் படித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்: “உனக்குப் பேச வராதுன்னா, கேக்க வரும்மா. பாதி வேலை முடிஞ்சது.”

ஊர் பேரைச் சொன்னால் சிரிப்பு

இன்னொரு குணம், தோலைக் கொஞ்சம் தடிமனாக வைத்துக்கொள்வது. இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே பயிற்சி உண்டு.

வெளியூரில் “எங்கிருந்து வர்றீங்க?” என்று கேட்பார்கள். “தஞ்சோங் ரம்புத்தான்” என்றால் போதும், மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். “எப்படித் தப்பிச்சு வந்தீங்க?” என்பார்கள். 1911-இல் இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, எங்கள் ஊர்ப் பெயரையே நாடு முழுவதும் ஒரு கேலிச் சொல்லாக்கிவிட்டது. முதலில் எனக்குக் கோபம் வரும். பிறகு, “ஆமாங்க, நாட்டுக்கே எங்க ஊர்லதான் மருந்து” என்று சொல்லிப் பழகினேன். சிரித்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். கதவு திறந்துவிடும்.

ஆனால் ஒருமுறை தெலுக் இந்தானில் ஒரு மளிகைக் கடைக்காரர் சிரிக்கவில்லை. வேலையாளை உள்ளே அனுப்பிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அங்க எங்க அண்ணன் எட்டு வருஷமா இருக்கார். போய்ப் பார்க்க எந்த நேரம் விடுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். ஊருக்கு வந்து, மருத்துவமனை வாசலுக்குப் போய் விசாரித்து, அடுத்த வாரம் அவரிடம் சொன்னேன். அன்று நான் எதையும் விற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். பிறகு அவர் மகன்கள், மருமகன் என்று அந்தக் குடும்பமே என்னிடம்தான் பத்திரம் எடுத்தது. அந்த ஊர்க் கேலியையும் அன்றோடு நிறுத்திக்கொண்டேன். நமக்கு நகைச்சுவையாக இருப்பது எதிரே இருப்பவருக்கு வீட்டுத் துயரமாக இருக்கலாம்.

காகிதச் சுருளும் ஷாம்பு பொட்டலமும்

விற்பனை வேறு, சந்தைப்படுத்துதல் வேறு என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையில் இருப்பதைக் கொடுத்துக் காசு வாங்குவது விற்பனை. வாங்குகிறவர் யார், அவர் கையில் என்றைக்கு எவ்வளவு காசு இருக்கும், எந்த அளவில் கொடுத்தால் அவரால் வாங்க முடியும் என்று முதலிலேயே யோசிப்பது சந்தைப்படுத்துதல். இதைப் பட்டம் படிக்காமலே செய்தவர்கள் நம் ஈப்போவில் இருக்கிறார்கள்.

புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு பகுதியே உண்டு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியேறி, கடலை, முறுக்கு, பகோடா என்று வறுத்தும் பொரித்தும் விற்றார்கள். தலையில் தட்டு, பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். படம் ஆரம்பிக்கும் முன் தியேட்டர் வாசலில் இருப்பார்கள், பள்ளி விடும் நேரம் பள்ளி வாசலில். பழைய தாளைச் சுருட்டி, கையில் எவ்வளவு காசு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கடலை போடுவார்கள். பத்துக் காசு வைத்திருக்கும் சிறுவனும் வாடிக்கையாளர்தான். இன்று அதே புந்தோங் பலகாரங்கள் பிளாஸ்டிக் பொட்டலத்தில் நாடெங்கும் போகின்றன. தொடக்கம் அந்தக் காகிதச் சுருள்தான்.

தமிழ்நாட்டில் இதையே பெரிய அளவில் செய்தவர் கடலூர் சி.கே. ரங்கநாதன். அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன், ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்று பொருள்களைச் சின்னப் பொட்டலங்களில் அடைக்க முயன்றவர். மகன் படிப்பில் சுமார். அண்ணன் தம்பிகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போக, இவரைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். 1983-இல், குடும்ப நிறுவனத்தைவிட்டு விலகி, 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கினார். மாதம் 250 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம். அதுவே வீடு, அதுவே அலுவலகம். தந்தையின் பெயரின் முதலெழுத்துகளை வைத்து ‘சிக்’ என்று ஷாம்புக்குப் பெயரிட்டார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

அன்று கிராமத்தில் பலர் தலைக்கும் சோப்புதான் போட்டார்கள். அவர்களிடம் ஷாம்பு நல்லது என்று சொற்பொழிவு ஆற்றிப் பயனில்லை. அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், எல்லோர் முன்னாலும் ஒரு பையனின் தலையில் ஷாம்பு போட்டு அலசி, “தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்” என்றார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பொட்டலமாக இருந்தாலும் சரி, சிலவற்றைச் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரு சிக் பொட்டலம் இலவசம் என்றார்கள். ஆட்கள் சிக் பயன்படுத்திப் பழகியதும், இனி சிக் காலிப் பொட்டலத்துக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகளில் கொண்டுவந்தார்கள். நம் பெண்கள் தலையில் எதை வைப்பார்கள் என்று பார்த்த கண் அது. 50 காசுப் பொட்டலம் பெரிய பன்னாட்டு நிறுவனங்களையே திரும்பிப் பார்க்க வைத்தது.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் தடுமாறுகிறது, இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்று சொல்லும் பிள்ளைகள் இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மொழியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நம் நாட்டில் மலாயும் ஆங்கிலமும், கொஞ்சம் கடைத்தெருச் சீனமும் தெரிந்தால் பாதை சுலபம். ஆனால் அடுத்தவரின் சட்டைப்பையை மதிக்கும் குணத்தை எந்த மொழி வகுப்பிலும் கற்றுத்தர முடியாது.

பத்து வெள்ளி

நான் அறிந்தவரை, நம் மக்களிடையே நடந்த மிகப் பெரிய சந்தைப்படுத்தும் வேலையைச் செய்தவர் ஒரு வியாபாரி அல்லர். நம் பக்கத்து ஊர்க்காரர், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு மறுபடி விற்றார்கள். தோட்டம் துண்டானால் பால்மரம் வெட்டுகிறவருக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும், பிள்ளையின் தமிழ்ப்பள்ளியும் போகும். இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவது என்பது திட்டம்.

யோசித்துப் பாருங்கள். இதைவிடக் கடினமான சரக்கு உண்டா? கையில் கொடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. நிலம் இன்னும் வாங்கவில்லை. வாங்க வேண்டியவரோ தினக்கூலிக்காரர். சீட்டுப் பிடித்து ஓடியவர்களை எல்லாம் பார்த்தவர். அவரிடம், “நீ தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம்” என்று சொன்னால் யார் நம்புவார்?

ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை ஒரே தடவையில் கேட்டிருந்தால் திட்டம் அன்றே முடிந்திருக்கும். மாதம் பத்து வெள்ளி என்றார்கள். அந்தப் பத்து வெள்ளியே பல நாள் கூலி. ஆனாலும் சம்பள நாளில் எடுத்துவைக்கக்கூடிய தொகை. அமைச்சராக இருந்த ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுத் தொழிலாளர்கள் முன் நின்று இதை விளக்கினார். அவர் மனைவி தோ புவான் உமா சம்பந்தனும் இந்தப் பணியில் உழைத்தார். கணவர் 1979-இல் மறைந்த பிறகு சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. முதல் தோட்டம் கைக்கு வந்ததும், அதுவரை பேச்சாக இருந்தது பொருளாகிவிட்டது.

எங்கள் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அவருடைய தகரப் பெட்டியில், திருமணச் சேலைக்கு அடியில், அந்தச் சங்கத்தின் பங்குப் பத்திரம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அது என்ன தாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாதாமாதம் வாங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே தடவை பணம் வாங்கியவர் திரும்பி வராமல் இருக்கலாம். மாதம் பத்து வெள்ளி கேட்டவர் மாதாமாதம் அந்த முகங்களைப் பார்த்தாக வேண்டும். “எங்க காசு என்னாச்சு?” என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லவேண்டும். நம்பிக்கை உண்டாவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான்.

நான் போகாத மூன்று மாதம்

இந்தப் பாடம் அம்மாவின் பெட்டியிலேயே இருந்தும் நான் தவறினேன். இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் அன்று சொல்லாமல் விட்டது இதைத்தான்.

தொழிலுக்கு வந்து இரண்டாவது ஆண்டு. சிம்மோருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவர் வீட்டுக்குப் போனேன். மனைவி, மூன்று பிள்ளைகள். “அடுத்த மாசம் பார்க்கலாம் தம்பி” என்றார். நான் விடவில்லை. பிள்ளைகளைக் காட்டிக் காட்டிப் பேசினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார். மாதம் பன்னிரண்டு வெள்ளி. அந்தக் காலத்தில் முகவர்களே சம்பள நாளில் வீட்டுக்குப் போய்த் தவணையை வசூலிப்போம்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். புதிய ஆட்களைச் சேர்த்தால்தான் புள்ளி. பழைய தவணைக்குப் புள்ளி இல்லை. நான் புதிய தோட்டங்களுக்கு ஓடினேன். அந்த வீட்டுக்கு ஒரு மாதம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. போட்டியில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது.

பிறகு ஒருநாள் போனபோது வாசலில் செருப்புகள் நிறைய கிடந்தன. நான்கு நாளைக்கு முன், சைக்கிளில் போனவரை லாரி மோதிவிட்டது. தவணை கட்டாததால் பத்திரம் காலாவதியாகி இருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்தார். அதில் முப்பத்தாறு வெள்ளி இருந்தது. “நீங்க வருவீங்கன்னு மாசாமாசம் அவரு எடுத்து வச்சாரு தம்பி. நீங்கதான் வரல” என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன்; விதி விதிதான் என்றார்கள். விதியைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? கடிகாரத்தை விற்றேன், நண்பர்களிடம் வாங்கினேன், காரியத்துக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அது ஈடாகாது. அவர் எடுத்துவைத்த மூன்று பன்னிரண்டு வெள்ளிக்கு நான் வைத்திருந்த மதிப்பு ஒரு கைக்கடிகாரம்.

அதற்குப் பிறகு நானும் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினேன். ஓய்வு பெறும்வரை ஒரு சம்பள நாளையும் தவறவிடவில்லை.

அப்படியானால் என்னென்ன குணம் வேண்டும்?

இன்று யாரும் வீடு வீடாகத் தவணை வாங்குவதில்லை. கைப்பேசியிலேயே விளம்பரம், கைப்பேசியிலேயே பணம். ஒரு நிமிடக் காணொளியில் பத்தாயிரம் பேரைப் பார்க்கவைக்கலாம். அந்தக் கலையை இளையவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். நான் சொல்வது, பார்த்தவர் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

பொருளில் குறை என்று ஒருவர் எழுதினால், அந்தக் கருத்தை அழித்துவிட்டு அடுத்த காணொளிக்குப் போகலாம். அல்லது, நின்று பதில் சொல்லலாம். முதலாவது, நான் அந்த மூன்று மாதம் செய்தது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, உங்கள் நேர்முகத் தேர்வில் “துடிப்பானவர்”, “பேச்சுத்திறன் மிக்கவர்” என்றுதான் கேட்பார்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பயப்படாதீர்கள். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். “வேண்டாம்” என்றால் அது சரக்குக்குச் சொன்ன பதில், உங்களுக்குச் சொன்னது அல்ல. அவரால் முடியாத அளவை அவர் தலையில் கட்டாதீர்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள், முக்கியமாக, விற்க ஒன்றுமில்லாத நாளில்.

எதிர்வீட்டுப் பெண் வேலையில் சேர்ந்துவிட்டாள். முந்தாநாள் மாலை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். முதல் வாரம் ஒன்பது கடைக்குப் போனாளாம். எட்டுக் கடையில் வேண்டாம் என்றுவிட்டார்கள். புந்தோங்கில் ஒரு கடைக்காரர் மட்டும், “உங்க மசாலாத்தூள் பாக்கெட்டு மூலையில பிஞ்சு கொட்டுதும்மா, அலமாரியெல்லாம் தூளு” என்று கால் மணி நேரம் சலித்துக்கொண்டாராம். இவள் ஒன்றும் பேசாமல் கேட்டு, எழுதிக்கொண்டு, தொழிற்சாலையில் பொட்டலத்தை ஒட்டுகிறவரிடமே போய்க் காட்டியிருக்கிறாள். அவர்கள் சூட்டைக் கூட்டி ஒட்டிப் பார்க்கிறார்களாம்.

“அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை பாக்கெட்டு வித்தே?” என்று கேட்டார் அம்மா.

“இன்னும் ஒன்னும் விக்கலம்மா. வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“வியாழக்கிழமை மழை பெஞ்சாலும் போயிடு” என்றேன் நான்.